கவசத்துக்குள் நிற்கும் கேமரா

போன மாதம் வாசிப்பு வட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தோழர், இதைப் பாருங்க. ஒரே ஆளு செஞ்ச அனிமேஷன். வேற லெவல்."

பார்த்தேன். 'அஸ்டார்ட்டீஸ்' என்று பெயர். சியாமா பெடர்சன் என்ற கலைஞர் பெரும்பாலும் தனியாளாக உழைத்து, 2018 முதல் 2020 வரை ஐந்து சிறு பகுதிகளாக இணையத்தில் வெளியிட்டது. சாதாரண மனிதரைவிட உயரமான கவச வீரர்கள் எதிரியின் விண்கலத்துக்குள் புகுகிறார்கள். வசனமே கிட்டத்தட்டக் கிடையாது. நடக்கிறார்கள், சுடுகிறார்கள், மறுபடியும் நடக்கிறார்கள். உள்ளே எதிர்த்து நிற்பவர்கள் நம்மைப் போன்ற மனித அளவு ஆட்கள். வரிசையாக விழுகிறார்கள். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் புல்லரித்தது. அந்தக் கனமான காலடிச் சத்தம் ஒன்றே போதும்.

"சாகறவங்க யாரு?" என்று கேட்டேன்.

"துரோகிங்க தோழர்."

"படத்துல அப்படிச் சொல்லலையே?"

"கதைப்படி அவங்க டெய்ன்டட்."

"அதைத் தமிழ்ல சொல்லுங்க பார்ப்போம்."

தம்பி கொஞ்சம் யோசித்தார். கறை என்றார், மாசு என்றார். இரண்டும் அவருக்கே ஒட்டவில்லை. பிறகு அசட்டுச் சிரிப்போடு சொன்னார்: "தீட்டு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் நடத்தும் 'வார்ஹேமர் 40,000', மேசை மேல் ஆடும் போர் விளையாட்டு. விரல் உயரப் பொம்மைப் படைகளை வாங்கி, ஒட்டி, வர்ணம் பூசி, அளவுநாடாவும் தாயக்கட்டையும் வைத்து ஆடுவார்கள். ரிக் பிரீஸ்ட்லி எழுதிய முதல் விதிநூல் 1987-இல் வந்தது. கதை நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால். மனித குலம் முழுவதும் ஒரு பேரரசின் கீழ். பேரரசர் பத்தாயிரம் ஆண்டுகளாகத் தங்கச் சிம்மாசனத்தில் செத்தும் சாகாமல் கிடக்கிறார். அவருக்காக நாளொன்றுக்கு ஆயிரம் உயிர்கள் பலியாகின்றன. இந்த ஆட்சிதான் கற்பனைக்கு எட்டியவற்றில் கொடூரமானது என்று விதிநூலின் முன்னுரையே சொல்லிவிடும். மறைக்கவே இல்லை.

அது தாட்சர் ஆட்சிக் காலம். சுரங்கத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம் 1985-இல் தோற்று முடிந்திருந்தது. '2000 ஏடி' போன்ற பிரிட்டிஷ் படக்கதை இதழ்கள் போலீஸ் ராஜ்யத்தையும் மதவெறியையும் கறுப்பு நகைச்சுவையாக வரைந்து தள்ளிய நேரம். அந்த மண்ணில் முளைத்ததுதான் இந்தப் பேரரசு. கேலிதான் நோக்கம் என்று பிரீஸ்ட்லியும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன்.

இனி அந்தப் பேரரசின் உள்ளே கொஞ்சம் பாருங்கள். வீரர்களின் கவசத்தில் சிவப்பு அரக்கு முத்திரை வைத்துக் காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். அதன் பெயர் 'தூய்மை முத்திரை'. உடல் மாறிப் பிறந்தவர்கள் 'மியூட்டன்ட்'. பிறப்பே குற்றம், தண்டனை சாவு அல்லது அடிமை வேலை. அவர்களிலும் சில வகையினர் பயன்படுவார்கள் என்பதால் விட்டுவைக்கப்படுகிறார்கள். ஓக்ரின் என்றொரு பருத்த உடல்காரர் கூட்டம் அப்படித்தான் ராணுவத்தில் சேர்க்கப்படுகிறது. முன்னால் போய்ச் சாகலாம், சமமாக உட்கார முடியாது. (மகர்களைத் தேவைப்பட்டபோது படையில் சேர்த்துக்கொண்டு, 1890-களில் 'போர் மரபினர் அல்ல' என்று கதவைச் சாத்திய பிரிட்டிஷ் ராணுவத்தின் நாட்டிலிருந்துதான் இந்தக் கற்பனை வந்திருக்கிறது. பாபாசாகேபின் அப்பா அந்தப் படையில் சுபேதாராக இருந்தவர்.) குற்றவாளி என்று தீர்ப்பானவரின் மூளையை வெட்டி, கைகால்களுக்குப் பதில் இயந்திரம் பொருத்தி, கதவு திறக்கவும் சுமை தூக்கவும் நிறுத்தி வைப்பார்கள். அதற்குப் பெயர் 'செர்விட்டர்'. எவரும் அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவரும் யாரையும் பார்க்க முடியாது.

சாதியைக் கேள்விப்பட்டே இராதவர்கள் ஒரு கொடுங்கோன்மையைக் கற்பனை செய்யும்போது தூய்மை, தீட்டு, பிறப்பு, தொடக்கூடாதவர் என்று அதே செங்கற்களைத்தான் எடுத்து அடுக்குகிறார்கள். இதில் நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. கொடுமையைக் கொடுமை என்று எழுதிவைத்த வரைக்கும் நேர்மைதான். சிக்கல் அது மேசையிலிருந்து திரைக்கு ஏறும்போது தொடங்குகிறது.

மேசையில் என்ன நடக்கிறது? எதிரெதிரே இரண்டு பேர். இருவருக்கும் சம மதிப்புள்ள படை. ஒரு கவச வீரருக்குச் செலவாகும் புள்ளிகளில் பல சாதாரணச் சிப்பாய்களை இறக்கலாம். உயிருக்கு விலைப்பட்டியல் போட்ட மாதிரி இருக்கும், அதுவே ஒரு கேலி. ஒவ்வொரு படைக்கும் தனிப் புத்தகம் உண்டு, அந்தப் புத்தகம் அந்தப் படையின் வாயால் பேசும். பேரரசின் புத்தகத்தில் பேரரசு புனிதம். ஓர்க்குகளின் புத்தகத்தில் சண்டையே வாழ்வின் இன்பம். கிளர்ச்சிக்காரர்களின் புத்தகத்தில் பேரரசர் ஒரு பொய். எல்லாவற்றையும் படிக்கும் பையனுக்கு எல்லாமே பிரச்சாரம் என்று தானாக உறைக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் 'தீட்டுப் பட்ட' படையை மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வர்ணம் பூசிக் கொண்டுவந்திருப்பார். அவருக்கும் ஒரு முறை வரும். கட்டை அவருக்கும் ஆறு விழும்.

சினிமாவில் எதிராளிக்கு முறை கிடையாது. கேமராவை எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்திய இடம்தான் நியாயம்.

2010-இல் இந்த விளையாட்டிலிருந்து முதல் முழுநீள அனிமேஷன் படம் வந்தது: 'அல்ட்ராமரீன்ஸ்'. இயக்கம் மார்ட்டின் பிக். திரைக்கதை டான் அப்நெட், இந்த உலகத்தில் நிறைய நாவல்கள் எழுதியவர். டெரன்ஸ் ஸ்டாம்ப், ஜான் ஹர்ட், ஷான் பெர்ட்வீ என்று குரல் கொடுத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. கோடெக்ஸ் பிக்சர்ஸ் என்ற சிறு நிறுவனம் உரிமம் வாங்கி எடுத்து, தியேட்டரை நம்பாமல் நேரடியாக டிவிடியாக விற்றது.

கதை இவ்வளவுதான். மித்ரான் என்ற கோயில் கிரகத்திலிருந்து அபாயக் குரல் வருகிறது. அங்கே காவலுக்கு நூறு வீரர்கள் இருந்தார்கள். என்ன ஆனது என்று பார்க்க ஒரு சிறு அணி போகிறது. பிணங்களும் புழுதியும். உயிரோடு மிஞ்சிய இருவர் ஒரு புனித நூலைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். திரும்பும் வழியில் சந்தேகம்: நம்மில் யாருக்குத் தீட்டு ஒட்டியிருக்கிறது? கடைசியில் தளபதிக்குள்ளேயே அரக்கன் புகுந்திருப்பது தெரிகிறது. இளம் வீரர் அவரைக் கொன்று அணியைக் காப்பாற்றுகிறார்.

படம் சுமார். அதை விடுங்கள். என்னை உறுத்தியது வேறு. ஒரு கோயில் கிரகம் என்கிறார்கள். கோயில் என்றால் அதைக் கூட்டுபவர் இருப்பார், விளக்குப் போடுபவர் இருப்பார், கல் சுமந்து கட்டியவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். படம் முடிந்த பிறகு பெயர் சொல்லி நினைவில் நிற்கிற ஒரு சாதாரண மனிதர்கூட அதில் இல்லை. எல்லோரும் கவசம். தீட்டைத் தேடுகிறவர்களின் பதற்றத்தோடு நாமும் பதறுகிறோம். 'தீட்டு என்று எவன் முடிவு செய்தான்?' என்று கேட்க அந்தக் கதையில் ஆளே இல்லை. போதாததற்கு அந்த உலகத்தில் தீட்டு நிஜம், அரக்கன் நிஜம். வேட்டையாடுகிறவர் சொன்னது சரி என்றே கதை முடிகிறது. கேலி எங்கே போயிற்று?

இதற்குப் பின்னால் கொள்கை மட்டும் இல்லை, காசும் இருக்கிறது. கணினி அனிமேஷனில் கவசம் மலிவு. ஒரு மாடலைச் செய்து வைத்துக்கொண்டு நிறம் மாற்றி, முத்திரை மாற்றிப் பத்துப் பேராக்கலாம். தலைக்கவசம் போட்டுவிட்டால் முகபாவம் வேண்டாம், வாயசைவு வேண்டாம். கூட்டம் என்பதுதான் செலவு. கிழவி, கைக்குழந்தை, கிழிந்த சட்டை, பசித்த முகம், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பணம் குறைந்த படத்தில் முதலில் வெட்டப்படுவது மக்கள். தனியாளாக உழைத்தவருக்கும் இதே கணக்குத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பார்க்கிற நமக்கு அந்தச் சிக்கனம் ஓர் அழகியலாக மாறிவிடுகிறது: முகமில்லாதவன் வீரன், முகமில்லாமலே சாகிறவன் எதிரி.

2021 நவம்பரில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் ஓர் அறிக்கை விட்டது. அதற்குச் சற்று முன்பு ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டிக்கு ஓர் ஆட்டக்காரர் நாஜிச் சின்னங்கள் அணிந்து வந்து பெரிய சர்ச்சையாகியிருந்தது. பேரரசு யாரும் ஆசைப்பட வேண்டிய அரசு அல்ல, அது கொடுங்கோன்மையைக் கேலி செய்யப் படைக்கப்பட்டது, வெறுப்புக் குழுக்களின் சின்னங்களோடு வருபவர்களுக்கு எங்கள் கடைகளிலும் நிகழ்ச்சிகளிலும் இடமில்லை என்பது அதன் சாரம். வரவேற்க வேண்டியதுதான். நம்மூர் நிறுவனங்களில் இந்த அளவுக்காவது வாய் திறந்தவை எத்தனை?

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கேலிதான் என்று முப்பத்து நாலு வருடம் கழித்து அறிக்கை போட்டு விளக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? விதிநூலின் முன்னுரையில் கேலி இருக்கிறது. கடைக் கண்ணாடியில் நிற்பது நீலக் கவசம். சுவரொட்டியில் நீலக் கவசம், படத்தில் நீலக் கவசம். முன்னுரையை எத்தனை பேர் படிப்பார்கள்?

இதை நாம் வெள்ளைக்காரர் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. 'தேவர் மகன்' 1992-இல் வந்தது. வெட்டும் குத்தும் வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்பதே அந்தப் படத்தின் செய்தி என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஊருக்குள் சுற்றியது அந்தச் செய்தி அல்ல, அதில் இருந்த பாட்டு. எங்கள் பக்கம் திருவிழாவில் அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் வந்தால் அம்மா எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டுவிடுவார். 2023-இல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு மேடையில் கமல்ஹாசனை வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் அந்தப் படம் தனக்குள் கிளப்பிய வலியைப் பேசினார். படைத்தவர் மனதில் என்ன இருந்தது என்பது ஒரு பக்கம். கேமரா எந்த மீசையைக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தது என்பது இன்னொரு பக்கம். ஊர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

சரி, வேறு எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். 'கீழே இருக்கிறவனைக் காட்டினா யாரு தோழர் பார்ப்பாங்க' என்று அந்தத் தம்பியும் கேட்டார்.

அம்பேத்கர் 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' முதல் இதழில் இந்துச் சமூகத்தைப் பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மாடி. மாடிக்கு மாடி ஏறப் படிக்கட்டு கிடையாது. பிறந்த மாடியிலேயே சாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு வார்ஹேமரின் 'ஹைவ்' நகரங்களைப் பாருங்கள். மேகத்தைத் தாண்டிப் போகும் ஒரே கட்டடம், அதுவே ஊர், அதற்குள் கோடிக்கணக்கான பேர். உச்சிக் கோபுரத்தில் பிரபுக் குடும்பங்கள், சுத்தமான காற்று. நடுவில் ஆலைகள். அடியில் மேல்மாடிகளின் கழிவு வழிந்து வந்து சேரும் இருட்டு. அடித்தளத்தில் பிறந்தவர்களில் பலர் சூரியனைப் பார்க்காமலே செத்துப் போவார்கள். அம்பேத்கர் உவமையாகச் சொன்னதை இவர்கள் வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள், அவரைப் படித்திருக்க வாய்ப்பே இல்லாமல்.

இதை வைத்துத் தனி விளையாட்டே உண்டு. 'நெக்ரோமுண்டா', 1995-இல் வந்தது, 2017-இல் புதிதாக மறுபடி வந்தது. அதில் ஸ்பேஸ் மரீன்கள் நாயகர்கள் இல்லை. அடித்தளத்துக் கும்பல்கள்தான் ஆடுகளம். கோலியத் என்றொரு குலம். ஆலை வேலைக்கென்றே தொட்டியில் வளர்க்கப்பட்ட அடிமைகளின் வம்சம். காடர் என்றொரு குலம். எல்லோரிலும் ஏழைகள், குப்பையைக் கிளறி வாழ்பவர்கள், அந்தக் குப்பையிலேயே ஆயுதமும் செய்துகொள்பவர்கள், முகமூடி இல்லாமல் வெளியில் வராதவர்கள். தொழிலைப் பிறப்போடு கட்டி, அந்தக் கட்டையே பெருமையாக நம்ப வைத்து, ஒருவரோடொருவர் மோத விட்டு உச்சியில் ஹெல்மாவர் குடும்பம் ஆள்கிறது. சாதி என்பது உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து வைப்பது என்று பாபாசாகேப் விளக்கியதற்கு இதைவிட நல்ல பொம்மை உதாரணம் கிடைக்காது. ஆக, கதை இல்லாமல் இல்லை. கிடங்கில் முப்பது வருடமாகக் கிடக்கிறது. முழுநீளப் படம் எடுக்க மட்டும் கவசத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் அந்த அறிக்கையை விட்ட அதே 2021 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் 'ஆர்கேன்' வந்தது. இது மேசை விளையாட்டு அல்ல, 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' என்ற கணினிச் சண்டை விளையாட்டு. அதில் கதை என்று பெரிதாக எதுவும் ஓடாது, ஐந்து பேர் ஐந்து பேரை அடிப்பார்கள். பிரான்ஸின் ஃபோர்டிச் ஸ்டூடியோவினர் கேமராவை எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா? பாலத்தில். மேலே பில்டோவர் என்ற பளபள நகரம், கீழே சான் என்ற புகையடைந்த நகரம். நடுவில் பாலம். கிளர்ச்சி அடக்கப்பட்டுப் பிணங்கள் கிடக்கின்றன. இரண்டு சிறுமிகள் தங்கள் அப்பா அம்மாவைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அங்கிருந்து படம் தொடங்குகிறது. சிப்பாய்களின் முகமூடி அந்தக் குழந்தைகளின் உயரத்திலிருந்து தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், அது போதும். கீழே இருப்பவர்களைக் காட்டினால் பார்க்க ஆள் இருக்காது என்றவர்களுக்கு, உலகமே பார்த்தது. 2022-இல் சிறந்த அனிமேஷன் தொடருக்கான எம்மி விருதும் வாங்கியது. (2024-இல் வந்த இரண்டாம் பருவத்தில் மேல்-கீழ் சண்டையை விட்டுவிட்டு மாயமந்திரப் பக்கம் நழுவிவிட்டார்கள். அது எனக்குப் பெரிய ஏமாற்றம். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

வார்ஹேமருக்குள்ளேயே வெளிச்சம் இல்லாமல் இல்லை. 'ஹெல்ஸ்ரீச்' என்று ஆரன் டெம்ப்ஸ்கி-பௌடனின் நாவல் ஒன்று. அதன் ஒலிநூலை வைத்து ரிச்சர்ட் பாய்லன் என்ற ரசிகர் கறுப்பு வெள்ளையில் அனிமேஷன் தொடராகச் செய்தார். முகாமையான ஆள் கறுப்புக் கவசப் பூசாரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாவலில் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தலைவராக மகர்னஸ் என்றொருவர் வருகிறார். கப்பல் சரக்கைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் கையில் துப்பாக்கியைத் திணித்து நில் என்கிறார்கள். அவருக்குக் கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் வந்த பிறகுதான் கவசக்காரர் எவ்வளவு மனிதத்தன்மை இழந்தவர் என்பது நமக்குத் தெரிகிறது. பக்கத்தில் சாதாரண ஆள் நின்றால்தான் கவசத்தின் உயரம் பயமாகத் தெரியும். தனியாக நின்றால் வெறும் 'மாஸ்'.

அதேபோல நிறுவனமே 2021-இல் தொடங்கிய 'ஹேமர் அண்ட் போல்ட்டர்' தொகுப்பில் 'ஓல்ட் பேல் ஐ' என்றொரு பகுதி. மனிதத் தளபதி யாரிக்கின் கதையை ஓர்க்குகள் சொல்கின்றன. எதிரியின் வாயில் நாம் பூதமாக வருகிறோம். மேசையில் எதிராளிக்குக் கிடைத்த அந்த ஒரு முறை, திரையில் கிடைத்த அபூர்வமான இடம் இது. இந்த ஓர்க்குகள் பேசும் ஆங்கிலத்தையும் கவனியுங்கள், லண்டன் கிழக்குப் பகுதித் தொழிலாளர்களின் காக்னிப் பேச்சு. புனித வீரர்களுக்குச் சுத்தமான ஆங்கிலம், காட்டுமிராண்டிக்குச் சேரி ஆங்கிலம். நம் சினிமாவில் ரவுடிக்கு மட்டும் வடசென்னைத் தமிழ் கொடுத்த பழக்கம் அங்கேயும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 'அல்ட்ராமரீன்ஸ்' தளபதிக்குக் கம்பீரக் குரல் கொடுத்த டெரன்ஸ் ஸ்டாம்ப் அதே கிழக்கு லண்டனில் பிறந்தவர். அப்பா இழுவைப் படகில் கரி அள்ளிப் போட்டவர்.

2021 நடுவில் நிறுவனம் இன்னொன்றும் செய்தது. ரசிகர்கள் எடுக்கும் படங்கள், அனிமேஷன்கள் மீதான விதிகளை இறுக்கியது. 'அஸ்டார்ட்டீஸ்' எடுத்தவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது, பாய்லனையும்தான். அவர்களுக்கு நல்லது, உழைப்புக்குக் கூலி கிடைத்தது. ஆனால் 2013 முதல் ஓடிக்கொண்டிருந்த ஒரு நகைச்சுவைத் தொடர் இருந்தது. சிம்மாசனத்தில் கிடக்கும் பேரரசருக்குப் பேசும் கருவி ஒன்று கிடைக்க, அவர் தன் பேரரசின் மூடத்தனத்தைத் தானே திட்டித் தீர்ப்பார். புதிய விதிகளுக்குப் பயந்து அதை எடுத்தவர்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். வீரத்தை வரைந்தவருக்கு வேலை, கேலியை வரைந்தவருக்குப் பயம். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விளைவு இதுதான்.

இப்போது அடுத்த கட்டம். 2022 டிசம்பரில் அமேசானோடு ஒப்பந்தப் பேச்சு அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் கதை வழிகாட்டுதல்கள் முடிவாகிப் படங்கள், தொடர்கள் என்று உறுதியானது. ஹென்றி கேவில் அதில் இருக்கிறார், சிறு வயதிலிருந்தே இதை ஆடி வர்ணம் பூசுகிறவர் அவர். அதே மாதம் 'சீக்ரெட் லெவல்' தொகுப்பில் ஒரு பகுதி வந்தது. மறுபடியும் நீலக் கவசம். பணம் இனிமேல் பிரச்சினை இல்லை, கூட்டத்தை வரையக் காசில்லை என்று சொல்ல முடியாது. அந்தப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் நம் தெருப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். அந்தப் பேரரசின் சட்டப்படி நாம் எந்த மாடியில் இருப்போம் என்பது டப்பிங் குரல் சொல்லப் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மறுபடி வந்தார். ஒரு பெட்டிப் பொம்மையின் விலை தன் மாச மெஸ் பில்லைத் தாண்டும் என்பதால் காகிதத்தில் வெட்டி ஒட்டியே நண்பர்களோடு ஆடுகிறார்களாம். அடுத்த ஆட்டத்துக்கு எந்தப் படையை எடுப்பது என்று குழப்பம்.

"நீங்க சொன்ன அந்தக் குப்பை பொறுக்கற குலம்... அவங்க எடுத்தா ஜெயிக்க முடியுமா தோழர்?"

எனக்கு விதி அவ்வளவு தெரியாது. ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.